புதிய நகர சபையும் மக்கள் கருத்தும்
சாய்ந்தமருதுக் கோரிக்கையை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

உள்ளூராட்சி பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் இரு வகையின. சட்டங்களையும் ஆண்டுகளையும் நிரற்படுத்திச் செல்லும் பரீட்சைக் குறிப்புகள் ஒருவகை. எமது ஊருக்குத் தனிச்சபை வேண்டும் எனத் தொடங்கி அவ்வாறே முடியும் மகஜர்கள் மற்றொருவகை. முன்னையவற்றில் மக்களைக் காண்பதரிது. பின்னையவற்றில் அயலவரைக் காண்பதரிது. ஓர் ஊர் தனக்கெனச் சபையொன்றைக் கோரும்பொழுது யாரிடம் கருத்துக் கேட்கப்படல் வேண்டும், எதைப்பற்றிக் கேட்கப்படல் வேண்டும், கேட்கப்பட்ட கருத்து எவ்வழியால் முடிவாகிறது என்னும் வினாக்கள் இரண்டிலும் எழுப்பப்படுவதில்லை. இவ்வினாக்கள் எழுப்பப்படாமையின் விளைவு யாதென்பதை அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், கல்முனை மாநகர எல்லைக்குள், கடந்த சில ஆண்டுகளாகக் கண்கூடாகக் காணமுடிகின்றது.

கல்முனை மாநகரம் ஒரே ஊரன்று. வடக்கே பெரியநீலாவணை தொடக்கம் தெற்கே சாய்ந்தமருது வரை கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருக்கமாக அமைந்த ஊர்களின் தொகுதியே அது. மருதமுனை, பாண்டிருப்பு, நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி ஆகியன இவற்றுள் அடங்கும். தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வருவது இக்கரையோரத்தின் இயல்பு. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இவையனைத்திலும் ஏறக்குறைய ஓர் இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவருள் ஏறத்தாழக் காற்பங்கினர் சாய்ந்தமருதினர். சாய்ந்தமருது ஏற்கெனவே தனிப் பிரதேச செயலாளர் பிரிவாகும். அரச நிருவாகத்தில் தனித்து நிற்கும் ஊர், தெருவிளக்குக்கும் வடிகாலுக்கும் குப்பை வண்டிக்கும் கல்முனையை எதிர்நோக்கியிருக்க வேண்டியதேன் என்பதே அவ்வூரவர் எழுப்பிய வினா. வினா நியாயமானதே.

அக்கோரிக்கைக்கு வரலாற்று ஆதாரமும் உண்டு. முன்னர் இப்பகுதியில் கல்முனைப் பட்டின சபை ஒன்றும், கரைவாகு வடக்கு, கரைவாகு மேற்கு, கரைவாகு தெற்கு என மூன்று கிராம சபைகளும் இயங்கின. கரைவாகு தெற்கே இன்றைய சாய்ந்தமருது. "1987 க்கு முன்னிருந்த நிலை" என மேடைகளிற் கூறப்படுவது இதனையே. எனினும் ஊரார் நினைவிலுள்ள ஆண்டும் சட்டத்தின் ஆண்டும் ஒன்றல்ல. 1980 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அபிவிருத்திச் சபைச் சட்டத்தின் கீழ், 1981 இல் நாடெங்குமிருந்த 83 பட்டின சபைகளும் 549 கிராம சபைகளும் ஒழிக்கப்பட்டன. 632 சபைகள் செய்த பணி 24 மாவட்ட அபிவிருத்திச் சபைகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் பிரதேச சபைகளைத் தோற்றுவித்தபொழுது, ஒழிந்த சபைகள் மீளவில்லை. அவற்றின் எல்லைகள் புதிய பெரிய எல்லைகளுட் கரைந்தன. கல்முனையின் நான்கு சபைகளும் ஒன்றாயின. அவ்வொன்றே பின்னர் நகர சபையாகி, 2001 இல் மாநகர சபையாயிற்று.

பன்முகப்படுத்தல் என்ற பெயரால் நிகழ்ந்த இம்மாற்றத்தின்போது எந்தக் கிராம சபையின் வாக்காளரிடமும், உமது சபையை ஒழிக்கலாமா என்று எவரும் கேட்கவில்லை. இது மனங்கொள்ளத்தக்கது. பிற்காலத்திற் சபை வேண்டி எழுந்த குரல்களைப் பிரிவினைக் குரல்களென்றும் பிரதேசவாதமென்றும் எளிதிற் பெயரிட்டுவிடுவோர், கேளாது இணைத்ததே முதற்பிழை என்பதை வசதியாக மறந்துவிடுகின்றனர். கிராம சபைகள் குறைபாடற்றவையாக இருந்தன என்பதன்று. அவற்றின் வருமானம் சொற்பம். பல சபைகளிற் சாதியும் குடும்பப் பெருமையும் செல்வாக்குச் செலுத்தின. ஆயினும் ஓர் ஊரின் மதகு உடைந்தால் அதற்குப் பொறுப்பாளர் யாரென்பது அக்காலத்தில் ஊருக்குள்ளேயே தெரிந்திருந்தது.

அடுத்து நோக்கற்பாலது சட்டத்தின் நிலை. நகர சபையொன்று பிறப்பது 1939 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்க நகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், அமைச்சர் வர்த்தமானியில் வெளியிடும் கட்டளையினாலாகும். மாநகர சபைக்கு 1947 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். பிரதேச சபைக்கு 1987 ஆம் ஆண்டின் சட்டம். மூன்றிலும் அடிப்படை ஒன்றே: அமைச்சரின் அறிவித்தலே ஊரைச் சபையாக்குகின்றது. பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் உள்ளூராட்சியை மாகாண சபைப் பட்டியலிற் சேர்த்தபோதும், சபைகளின் அமைப்பும் உருவமும் சட்டத்தினாலேயே தீர்மானிக்கப்படும் என்று விட்டமையால் அவ்வதிகாரம் மத்தியிலேயே தங்கிற்று. மேற்பார்வை மாகாணத்துக்கு, பிறப்பும் இறப்பும் கொழும்புக்கு. ஊராரிடம் கருத்துக் கேட்டல் இங்கு நியதியன்று, அமைச்சரின் நல்லெண்ணம் மாத்திரமே. ஒரு மனு வந்தால் எத்தனை நாளுள் விடையளிக்க வேண்டும், மறுத்தால் காரணம் கூற வேண்டுமா, அயற்சபையின் நிலைப்பாடு கேட்கப்படுமா என்பவற்றை அறிய ஊரார்க்கு வழியில்லை.

நியதி இல்லாத இடத்திற் செல்வாக்கு நியதியாகின்றது. 2011 இல் அக்கரைப்பற்று மாநகர சபையாகத் தரமுயர்த்தப்பட்ட காலத்தில் உள்ளூராட்சி அமைச்சர் அவ்வூரவராகவே இருந்தார். இதனால் அத்தரமுயர்வு தகாதது என்பது முடிவன்று. ஆனால் தகுதி எந்த அளவுகோலால் அளக்கப்பட்டது என்று அயலூரார் கேட்டால் காட்டுவதற்கு ஓர் ஆவணமாவது இருத்தல் வேண்டும். அவ்வாறு இல்லாதபோது அயலூரார் கற்கும் பாடம் ஒன்றே: மனுவிலும் அமைச்சரே பலமானவர். சாய்ந்தமருதும் அப்பாடத்தைக் கற்றது. ஆண்டுதோறும் தூதுக்குழுக்கள் கொழும்பு சென்றன. தேர்தல்தோறும் வாக்குறுதிகள் கல்முனை மேடைகளுக்கு வந்தன. இரண்டுக்குமிடையே எதுவும் எழுத்தில் அமையவில்லை.

2017 செப்ரெம்பர் இறுதியிற் கிழக்கு மாகாண சபையின் ஆயுட்காலம் முடிந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியிற் சாய்ந்தமருதில் கடையடைப்பும் மறியலும் தொடங்கின. ஊரின் ஜும்ஆப் பெரிய பள்ளிவாசல் இயக்கத்திற்குத் தலைமை தாங்கிற்று. அரசியற் கட்சிகளைப் புறந்தள்ளி, 2018 பெப்ரவரி 10 ஆம் திகதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலிற் சுயேச்சைக் குழுவொன்று அவ்வூரிலிருந்து போட்டியிட்டது. ஊரின் வட்டாரங்கள் அனைத்தையும் அக்குழுவே வென்றது. கல்முனை மாநகர சபையில் ஒன்பது ஆசனங்கள் அதற்குக் கிடைத்தன. கிழக்கிலங்கை முஸ்லிம் அரசியலில் நிலைபெற்றிருந்த கட்சிகள் தம் கோட்டைக்குள்ளேயே, சபை என்ற ஒரே சொல்லினால் தோற்கடிக்கப்பட்டமை சிறிய நிகழ்ச்சியன்று. சட்டம் தராத கருத்துக்கணிப்பை ஊரார் தேர்தற் சட்டத்தைக் கொண்டு தாமே நடத்திக்கொண்டனர் எனலாம்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வரைந்துகொள்ளுதல் அவசியம். மக்கள் கருத்தை அறிதல் வேறு. மக்களிடம் கருத்துக் கேட்டல் வேறு. அறிதல் என்பது தொகையை எண்ணுதல்: எத்தனை பேர் ஆம் என்றனர், எத்தனை பேர் அன்று என்றனர். கேட்டல் என்பது, கேட்கப்பட்டதன் பயனாகத் திட்டம் மாறக்கூடும் என்ற நிலையிற் கேட்டலாகும். எல்லை சற்று வடக்கே நகரலாம், ஆசனத்தொகை கூடலாம், சொத்துப் பங்கீட்டுக்கு ஓர் ஏற்பாடு எழுதப்படலாம், ஏன், திட்டமே கைவிடவும்படலாம். 2018 தேர்தல் முன்னையதை ஐயந்திரிபறச் செய்தது. பின்னையதை அது செய்யவில்லை, செய்யவும் முடியாது. வாக்குச்சீட்டிற் சின்னத்திற்கு நேரே புள்ளடியிட முடியுமேயன்றி, எல்லைக்கோட்டைத் திருத்த முடியாது.

அத்தேர்தலின் வெற்றியிலேயே மூன்று மௌனங்கள் மறைந்திருந்தன. முதலாவது, ஊருக்குள்ளேயுள்ள மௌனம். பள்ளிவாசல் தலைமைதாங்கிய இயக்கத்தின் பலம் அதன் ஒழுங்கும் ஒற்றுமையுமாகும். குறையும் அவ்விடத்திலேயே உண்டு. அடைக்கப்பட்ட கடை அதன் சொந்தக்காரர் உடன்பட்டு அடைத்தாரா, அயலுக்கு அஞ்சி அடைத்தாரா என்பதைச் சொல்வதில்லை. ஊர்க்கூட்டங்களில் முடிவெடுப்போர் ஆண்களாகவும் வயதினராகவும் வசதியுள்ளோராகவும் அமைவது எமது கிராமங்கள் யாவற்றுக்கும் பொதுவான குணம். கோயில் தலைமைதாங்கினும் பள்ளிவாசல் தலைமைதாங்கினும் இதில் வேறுபாடில்லை. குடிநீர்க் குழாயடியிலும் குப்பை மேட்டின் அருகிலும் உள்ளூராட்சியின் பலாபலனை நாள்தோறும் அனுபவிப்பவர் பெண்கள். சபைகளில் அவர்களுக்கு 25 வீத இடஒதுக்கீடு 2018 தேர்தலிலேயே முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. சபைக்குள் நுழைய ஒதுக்கீடு உண்டு. சபையை உருவாக்கும் பேச்சில் இல்லை.

இரண்டாவது, எஞ்சுவோரின் மௌனம். ஓர் ஊர் பிரிந்து செல்லும்பொழுது புதிய சபை ஒன்று மாத்திரம் பிறப்பதில்லை. பழைய சபையும் வேறொரு சபையாகின்றது. சாய்ந்தமருது நீங்கினால் எஞ்சும் கல்முனையில் முஸ்லிம் வாக்காளருக்கும் தமிழ் வாக்காளருக்கும் இடையிலான விகிதம் மாறும். கல்முனைக்குடி முஸ்லிம் மக்களின் அச்சம் இதுவே. எனவேதான், பிரிப்பதாயின் முன்னிருந்தவாறு நான்காகப் பிரிக்குக என்னும் எதிர்க்கோரிக்கை அங்கிருந்து எழுந்தது. மறுபுறம், கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழுமையான செயலகமாகத் தரமுயர்த்துக என்பது அப்பகுதித் தமிழ் மக்களின் நெடுங்காலக் கோரிக்கை; 2019 யூனில் அதற்காகக் கல்முனையில் உண்ணாவிரதமும் நிகழ்ந்தது. பிரதேச செயலகமும் உள்ளூராட்சிச் சபையும் சட்டப்படி வெவ்வேறானவை. ஆனால் கல்முனைத் தெருக்களில் அவை ஒரே நிலத்தைப்பற்றிய ஒரே வழக்காகவே பேசப்பட்டன. மூன்று தரப்பினரும் கூறுவதை அருகருகே வைத்துப் பார்ப்பின், ஊரின் பெயரை மாற்றினால் ஒருவர் மகஜரை மற்றவர் கையொப்பத்துடன் அனுப்பிவிடலாம் போலத் தோன்றும். எமது நிலம், எமது வருமானம், எமது நிருவாகம் என்ற மூன்றே சொற்கள். எனினும் மூவரும் ஒரு மேசையில் அமர்ந்து, பிரிந்த பின் சந்தை யாருக்கு, வீதி யாருக்கு எனப் பேசும் ஓர் அமர்வை நடத்தும் கடமை எந்த அதிகாரிக்கும் சட்டத்தால் விதிக்கப்படவில்லை.

மூன்றாவது, எல்லைக்கு அப்பாலுள்ளோரின் மௌனம். சாய்ந்தமருதின் தெற்கே அதனோடு ஒட்டியதாக மாளிகைக்காடு உள்ளது. உறவாலும் தொழிலாலும் இரண்டும் ஓரூர் போல்வன. ஆனால் மாளிகைக்காடு காரைதீவுப் பிரதேச சபைக்குட்பட்டது. ஊரின் இயல்பான ஒருமைப்பாடே தனிச்சபைக்கு நியாயம் எனின், மாளிகைக்காட்டு மக்கள் எங்கே நிற்க விரும்புகின்றனர் என்ற வினா தவிர்க்கவியலாதது. அவ்வினாவை எழுப்பினாற் காரைதீவின் விகிதம் அசையும். அதனாற் பெரும்பாலும் எவரும் எழுப்புவதில்லை. கேட்டால் நேரக்கூடிய சங்கடத்தை நோக்கிக் கேளாது விடுதல் அரசியல்வாதிக்கு இயல்பு. கல்வியுலகுக்கும் அது இயல்பாகிவிடுதல் ஆகாது.

இம்மூன்றினும் மேலாக, எங்கும் வெளிப்படையாகப் பேசப்படாதது பணம். தனிச்சபைக் கோரிக்கையின் துண்டுப்பிரசுரங்களிலே தன்மானம், அடையாளம், புறக்கணிப்பு என்ற சொற்கள் நிறைந்திருப்பது வழக்கம். வரவு செலவு ஒருபுறமாக நின்றுவிடும். உள்ளூராட்சிச் சபையொன்றின் சொந்த வருமானம் சோலைவரி, சந்தை மற்றும் கடை வாடகை, வியாபார உரிமக் கட்டணம் என்பவற்றாலும், மாகாணத்தின் வழியாக வந்துசேரும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் ஆகியவற்றாலும் ஆனது. இவற்றுட் பல நகர மையத்தோடு பிணைந்தவை. பேருந்து நிலையமும் பெருஞ்சந்தையும் வங்கிகளும் உள்ள இடத்தில் வருமானம் திரளும். மக்கள் உறங்கும் இடத்திற் செலவு திரளும். சாய்ந்தமருதின் மீனவரும் வியாபாரியும் கல்முனைச் சந்தையின் வருமானத்தை உருவாக்குவதிற் பங்காளிகள். பிரிந்த மறுநாள் அவர்கள் அதே சந்தைக்கே செல்வர். ஆனால் அச்சந்தையின் வாடகையில் அவர்களது சபைக்குப் பங்கிராது. இதனைக் கூறிய பின்னும், சோலைவரி சிறிது கூடினும் எமக்கெனச் சபை வேண்டும் என்று ஊரார் கூறுவாராயின், அக்கருத்துக்கு இருக்கும் எடை வேறு. கூறாது பெறப்படும் ஆதரவு, விலை சொல்லாது விற்கப்பட்ட பொருளையே ஒக்கும்.

2020 பெப்ரவரியில் நிகழ்ந்தது இவ்வனைத்துக்கும் உச்சம். பொது நிருவாக, உள்நாட்டலுவல்கள், மாகாண சபைகள் மற்றும் உள்ளூராட்சி அமைச்சராகவிருந்த ஜனக பண்டார தென்னக்கோன் சாய்ந்தமருது நகர சபையைப் பிரகடனப்படுத்தி அதிவிசேட வர்த்தமானியை வெளியிட்டார். அப்போதைய மாநகர சபையின் ஆயுட்காலம் 2022 இல் முடிந்த பின் புதிய சபை இயங்கும் என்பது ஏற்பாடு. ஊரில் வெடி கொளுத்தப்பட்டது. ஒரு வாரம் கழியுமுன், எதிர்ப்புக்கள் எழ, அமைச்சரவை அதனை இடைநிறுத்தத் தீர்மானித்தது. வர்த்தமானி வந்தபொழுது கல்முனையார் கேட்கப்படவில்லை; அது நின்றபொழுது சாய்ந்தமருதார் கேட்கப்படவில்லை. கொடுத்த கையே பறித்தது என்று இதனை வருணிப்பதைக் காட்டிலும், கொடுத்ததும் பறித்ததும் ஒரே முறையில் நிகழ்ந்தன என்பதே கருத்தூன்ற வேண்டியது. தனியொருவரின் கையொப்பத்தாற் பிறந்த சபைக்கு அதே கையொப்பத்தைத் தவிர வேறு அரண் இல்லை. முறையாகக் கேட்டு, அறிக்கையாக எழுதி, காரணங்களை வெளியிட்டு, அயலவர்க்கு விடையளித்துப் பிறந்த சபையாயின், அதனை ஏழு நாளில் நிறுத்துவதற்கு அமைச்சரவை அவ்வறிக்கைக்கு மறுப்பொன்றையாவது எழுத வேண்டி நேர்ந்திருக்கும்.

புதிய சபைகள் இந்நாட்டில் அமைக்க முடியாதவை என்று இதிலிருந்து முடிவுகட்டல் பொருந்தாது. மலையகத்தின் அனுபவம் இதற்கு மறுதலை. நுவரெலியா, அம்பகமுவ ஆகிய பிரதேச செயலாளர் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் 2012 இல் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். நாட்டின் வேறு பகுதிகளிற் சில பத்தாயிரம் பேருக்கு ஒரு பிரதேச சபை இருந்த வேளையில், தோட்ட மக்கள் செறிந்த இவ்விரு பிரிவுகளுக்கும் ஒவ்வொரு பிரதேச சபையே இருந்தது. போதாக்குறைக்கு, 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு 2018 இல் திருத்தப்படும்வரை தோட்டக் குடியிருப்புக்களுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாகவும் நின்றது. வாக்களிக்கும் உரிமை லயத்துக்கு வந்தது, வீதி வரவில்லை. 2018 தேர்தலுக்கு முன் இவ்விரு சபைகளும் ஆறாக்கப்பட்டன: நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா. நாடளாவிய சபைத்தொகை 341 ஆனமையில் இந்நான்கு புதுச்சபைகளும் அடங்கும்.

இங்கும் முறையான கருத்துக்கேட்டல் நிகழ்ந்ததெனக் கூறுவதற்கில்லை. கூட்டரசாங்கத்திற் பங்குகொண்ட மலையகத் தலைமைகளின் பேரம்பேசலே அதனைச் சாதித்தது. ஆயினும் கோரிக்கையின் அடித்தளம் வேறு. இத்தனை மக்களுக்கு இத்தனை சபை என்பது எவரும் சரிபார்க்கக்கூடிய கணக்கு. கல்முனையிலோ கணக்கு பின்தங்கி, அடையாளம் முன்வந்தது. கணக்கைப்பற்றி இரு சமூகத்தவர் கருத்து வேறுபட்டு மறுநாளும் பேசலாம். அடையாளத்தைப்பற்றி அவ்வாறு பேசுதல் கடினம்.

கருத்துக்கேட்டலைச் சட்டத்தின் கடமையாக்கிய நாடொன்றையும் ஒப்புநோக்கலாம். இங்கிலாந்தில் 2007 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, தமக்கெனப் பட்டின மன்றமொன்றை விரும்பும் வாக்காளர் மனுச் செய்வதற்கு வழிவகுத்தது. 2015 இல் இதன் நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன: 2,500 பேருக்கு மேற்பட்ட வாக்காளர் உள்ள இடத்தில் 7.5 வீதத்தினர் கையொப்பமிட்டாற் போதும். மனு கிடைத்து 12 மாதத்துள் மேலுள்ள சபை மீளாய்வை முடித்தல் வேண்டும். வாக்காளரையும் அக்கறையுள்ள ஏனையோரையும் கேட்டல் வேண்டும். அவ்விடத்துச் சமுதாயத்தின் அடையாளத்தையும் நலனையும், ஆட்சியின் பயனுறுதியையும் வசதியையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். முடிவுக்குக் காரணம் வெளியிடல் வேண்டும். இவ்வழியால் இலண்டனில் வெஸ்ற்மின்ஸ்ரர் எல்லைக்குட்பட்ட குயீன்ஸ் பார்க் 2014 இல் தன் மன்றத்தைத் தேர்ந்தெடுத்தது. இத்தகைய மன்றங்கள் இலண்டனில் அமைவதற்கு 1960 களில் விதிக்கப்பட்ட தடையை நீக்கியதும் இதே 2007 ஆம் ஆண்டுச் சட்டமே. 1974 இற் பேர்மிங்ஹாமுடன் இணைக்கப்பட்ட சட்டன் கோல்ட்பீல்ட், 2015 இல் நடந்த கருத்தறி வாக்கெடுப்பின் பின், 2016 இல் தன் பட்டின மன்றத்தை மீளப் பெற்றது. கேளாது இணைக்கப்பட்ட ஊர் நாற்பதாண்டு கழிந்து கேட்டுப் பெற்றமை கரைவாகு தெற்கின் கதையோடு ஒப்புமையுடையது.

ஆனால் ஒப்புமையை அளவுக்கு மீறி இழுத்தல் தவறு. இங்கிலாந்தின் பட்டின மன்றம் மேலுள்ள சபையிலிருந்து பிரிந்து செல்வதில்லை. அதன்கீழ் இன்னொரு படியாகச் சேர்கின்றது. சட்டன் கோல்ட்பீல்ட் மன்றம் அமைந்த பின்னும் பேர்மிங்ஹாம் பேர்மிங்ஹாமாகவே இருந்தது. அங்குள்ள பெரும்பான்மை, சிறுபான்மை எதுவும் மாறவில்லை. எனவே எஞ்சுவோரின் அச்சம் அங்கு எழுவதற்கு இடமில்லை. வசதிபடைத்தோர் வாழும் சட்டன் கோல்ட்பீல்டும் வறியோர் பலர் வாழும் குயீன்ஸ் பார்க்கும் ஒரே சட்டத்தைப் பயன்படுத்தக்கூடியதாயிருந்தது பாராட்டத்தக்கதே. எனினும் மனு எழுதவும் கையொப்பம் திரட்டவும் ஓய்வும் படிப்பும் உள்ளோர்க்கே அச்சட்டம் எளிது என்பதும் உண்மை. அங்கிருந்து இரவல் பெறத்தக்கது மன்றத்தின் உருவமன்று. காலவரையறை, காரணங்காட்டல், வரியை முன்கூட்டியே சொல்லல் என்ற மூன்றுமே. புதிய மன்றம் வாக்காளரிடம் தனி வரி அறவிடும் என்பது அங்கு கேட்கும்பொழுதே தெரிந்த செய்தி. இம்மூன்றுக்கும் கல்முனைக்கு வேண்டிய நான்காவதொன்றையும் சேர்த்தல் வேண்டும்: பிரிவோரைக் கேட்பதுபோல எஞ்சுவோரையும் கேட்டல்.

இதற்கு வழமையாகக் கூறப்படும் தடை ஒன்றுண்டு. இனங்கள் கலந்து வாழும் இடத்திற் பகிரங்க விசாரணை நடத்தினாற் பகை மூளும்; அமைச்சர் அமைதியாக முடிவெடுத்தலே நன்று என்பர். கவனத்துக்குரிய தடையே. ஆனால் 2017 முதல் 2020 வரை பகிரங்க விசாரணை எதுவும் நடைபெறவில்லை. பகை மூளாமலும் இருக்கவில்லை. வதந்தியாலும் துண்டுப்பிரசுரத்தாலும் கடையடைப்பாலும் எதிர்க்கடையடைப்பாலும் விசாரணை தெருவில் நடந்தது. வட்டார எல்லைகளை வரைந்தபொழுது முறையீடுகள் பெறப்பட்டு ஆராயப்பட்டன, அதனாற் குடிமுழுகிவிடவில்லை. ஒரு வட்டாரத்தின் கோட்டுக்கு முறையீடு செய்யலாம், முழுச் சபையின் எல்லைக்கு முடியாது என்பது விளங்கிக்கொள்ளற்கரிய ஏற்பாடு. அன்றியும், கேட்டால் மக்கள் சண்டையிடுவர் என்ற வாதத்தின் அடியில், வேறுபாடுகளைத் தாமே பேசித் தீர்க்க வல்லவரல்லர் இம்மக்கள் என்ற எண்ணம் படிந்துள்ளது. குடியேற்ற ஆட்சியின் ஏசண்டர் அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. மக்கள் வாக்கால் வந்தோரும் அவ்வாறே எண்ணுவதுதான் வியப்பு.

இடைநிறுத்தப்பட்ட வர்த்தமானி வழக்காக நீதிமன்றம் சென்றது. 2023 மார்ச்சில் நாட்டின் உள்ளூராட்சிச் சபைகள் ஆயுட்காலம் முடிந்து கலைந்தபொழுது கல்முனையும் கலைந்து, ஏனைய மாநகரங்களைப் போல ஆணையாளரின் கைக்குச் சென்றது. 2025 மே 6 ஆம் திகதி 339 சபைகளுக்குத் தேர்தல் நடைபெற்றது. கல்முனை மாநகர சபை அவற்றுள் ஒன்றன்று. வழக்குக் காரணமாக அதன் தேர்தல் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. தனிச்சபை கேட்ட சாய்ந்தமருதுக்கும் அன்று வாக்களிப்பில்லை. பிரிக்கலாகாது என்ற கல்முனைக்குடிக்கும் இல்லை. இந்த வழக்கிற் பங்கெதுவுமில்லாத பெரியநீலாவணைக்கும் பாண்டிருப்புக்கும் இல்லை. அதே காலையிற் சாய்ந்தமருதின் தெற்கெல்லைக்கு அப்பால், மாளிகைக்காட்டார் காரைதீவுப் பிரதேச சபைக்கு வாக்களித்தனர்.